பென்னாகரம் சாலையில் ஒரு சுமைதாங்கி

நேற்று இரவுதான் ஒகேனக்கல்லில் இருந்து திரும்பினேன். அருவி, பரிசல் எல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தர்மபுரியில் ஏறிய பேருந்து பென்னாகரம் வருவதற்குள் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. மாற்றுப் பேருந்து வரும் என்று சொல்லி வெயிலில் இறக்கிவிட்டார்கள். அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் 800 ரூபாய் கேட்டார். பகல் கொள்ளை! மொத்தப் பயணத்துக்கே என் கையில் 1,500 ரூபாய்தான்.

எரிச்சலோடு புளியமர நிழலுக்குப் போனால், அங்கே ஒரு சுமைதாங்கி. நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். புல்லுக்கட்டோடு வந்த பாட்டி கல்லை ஒட்டி நின்று தலையை லேசாகச் சாய்த்தார். கட்டு தானாக நழுவிக் கல்லில் உட்கார்ந்தது. குனியவும் இல்லை, யாரையும் கை கொடுக்கக் கூப்பிடவும் இல்லை. சும்மாட்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பையை இறக்கி வை கண்ணு. எதுக்குச் சுமந்துகிட்டே நிக்கிற?"

அப்போதுதான் முதுகுப்பை இன்னும் தோளில் இருப்பதே உறைத்தது. புல்லுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கல்லின் மேல்பக்கம் உரசி உரசி வழவழவென்று இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற கல் இது. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் எல்லோரும் இறக்கிவைக்க ஓர் இடம்.

இப்படி மக்கள் தொட்டுப் புழங்குகிற படைப்புகள் நம் ஊரில் வராதா என்று, சிகாகோவில் 2004-ல் திறந்த கிரவுன் ஃபவுண்டன் என்ற நீரூற்றைக் காணொளியில் பார்த்து ஏங்கியிருக்கிறேன். சிற்பி ஜாமே பிளென்சாவின் படைப்பு. சுமார் 15 மீட்டர் உயரத்தில் எதிரெதிரே இரண்டு கோபுரங்கள், திரையில் அந்த ஊர் மக்களின் முகங்கள், வாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் குழந்தைகள் ஆட்டம். நாமோ சிலை வைத்தால் உடனே கம்பி வேலி போடுகிறோம். சாய்ந்துகொள்ள, பை வைக்க, தொட்டுப் பார்க்க ஒன்றாவது வைக்கக் கூடாதா? ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் ஒரு சுமைதாங்கி வைத்தால் என்ன செலவாகிவிடும்?

சரி, ஒகேனக்கல். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே பெண்கள் மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்கள். மொறுமொறுவென்று அப்படி ஒரு ருசி! விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அந்த மரத்தடியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், நடத்துநர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம் பைக்கில் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.