கோலி நாயை இனப்பெருக்கத்துக்கு விடுமுன் செய்த பரிசோதனைகள்

எங்கள் பெண் கோலிக்குத் தோலில் திட்டுத் திட்டாக ரோமம் உதிர்ந்து, சிற்றுண்ணித் தொற்று என உறுதியானபோது, வழக்கமான ஐவர்மெக்டினை எழுதித் தருவதற்கு முன் எம்டிஆர்1 மரபணுப் பரிசோதனை முடிவு வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். இந்த மரபணுவில் நான்கு டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன வடிவம், மந்தை மேய்க்கும் இனங்களில், அதிலும் கோலியில், மிகப் பரவலாக உள்ளது. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளைப் பிடித்து வெளியே தள்ளும் புரதம் அத்தகைய நாய்களில் சரிவர உருவாவதில்லை என்பதால், மற்ற நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும் அளவே இவற்றுக்குத் தள்ளாட்டம், வலிப்பு, ஆழ்மயக்கம் வரை கொண்டுபோய்விடும். வயிற்றுப்போக்குக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் லோபெரமைடு மாத்திரையும் அத்தகைய மருந்துகளில் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பரிசோதனைக்கு இரத்தம் தேவைப்படவில்லை. சிறிது நேரம் உணவு கொடுக்காமல் வைத்திருந்து, கன்னத்தின் உட்புறத்தில் சிறு தூரிகையைச் சுழற்றி எடுத்து, உலரவிட்டு, உறையில் இட்டு அனுப்பினோம். இனப்பெருக்கத்துக்கு விடும் எண்ணமும் இருந்ததால், விழித்திரைப் பகுதியைப் பாதிக்கும் பிறவிக் குறையான கோலி கண் கோளாறுக்கான பரிசோதனையையும் அதே மாதிரியில் செய்யச் சொன்னோம்.

எம்டிஆர்1 முடிவில், தாய் தந்தையிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று பழுது, மற்றொன்று நலம் என வந்தது. ஒரு பிரதி பழுதாயிருந்தாலே எச்சரிக்கை தேவை என்பதால், மருத்துவர் ஐவர்மெக்டினைத் தவிர்த்து ஐசாக்ஸசோலின் வகை மாத்திரையைக் கொடுத்தார், தோல் தேறியது. மாதாமாதம் தரும் இதயப்புழுத் தடுப்பு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை என்றும் விளக்கினார்: அதில் உள்ள ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், சிற்றுண்ணிக்குத் தரும் அளவோ 300 முதல் 600 வரை. மயக்க மருந்துக்கு முன் கொடுக்கும் அசிப்ரோமசினின் அளவை மட்டும் கால் பங்கு குறைக்கும்படி அவளுடைய மருத்துவக் குறிப்பில் எழுதிவைத்தார்.

கண் பரிசோதனைதான் எங்களைத் திகைக்க வைத்தது. கண் மருத்துவர் பார்த்தபோது விழித்திரையில் குறை எதுவும் தென்படவில்லை. மரபணு முடிவோ இரு பிரதிகளும் பழுது என்றது. குட்டிப் பருவத்தில் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தநாளப் படலம் மெலிந்திருப்பது தெரியும் என்றும், வளர வளர நிறமி படர்ந்து அதை மறைத்துவிடும் என்றும், 6 முதல் 8 வாரத்துக்குள் பார்ப்பதே முறை என்றும் அவர் சொன்னார். அவளுடைய பார்வைக்குக் குறையில்லை. ஆனால் தாய்க்கு லேசாக இருப்பது குட்டிக்கும் லேசாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. விழித்திரை பிரிந்து பார்வையிழக்கும் குட்டிகளும் உண்டு.

அவளை விலக்கிவிடுவதே பாதுகாப்பு என்று சிலர் கூறினர். எனக்கு அது சரியாகப் படவில்லை. இவ்வளவு பரவலான பழுதைச் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒதுக்கினால், ஏற்கெனவே குறுகிய இனம் இன்னும் குறுகி, வேறு கோளாறுகள் தலைதூக்கும். கண் கோளாற்றுக்கு இரு பிரதிகளும் பழுதாக வேண்டும் என்பதால், முற்றிலும் நலமான ஆண் நாயோடு சேர்த்தால் குட்டிகள் யாவும் பழுதைச் சுமக்குமே தவிர நோயுறா. எம்டிஆர்1 விஷயம் அப்படியன்று. அதே ஆண் நாய் அதிலும் நலமாயிருந்தாலும், ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பழுதுப் பிரதி வர சரிபாதி வாய்ப்புண்டு. ஆகவே இரண்டு பரிசோதனைகளிலும் பழுதில்லை என முடிவு வந்த ஆண் நாயைத் தேடிப் பிடித்தோம். தாய்ப்பால் வாயில் கலந்து முடிவைக் குழப்பாதிருக்க, குட்டிகளைத் தாயிடமிருந்து சற்றுப் பிரித்து வைத்தபின் மாதிரி எடுத்தோம். வாங்குவோரிடம் குட்டியோடு எம்டிஆர்1 முடிவின் நகலையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் கொடுத்தனுப்பினோம்.