மோர்கம் கடற்கரையில் ஒற்றைக்கால் சிலை

வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஸ்டரில் ரயில் மாறினால் மோர்கம் பத்து நிமிடம்தான். இரண்டே பெட்டி வண்டி. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் வாயில் 'மோர்காம்பே' என்றுதான் வரும். பக்கத்து இருக்கைக்காரர் 'மோர்கம்' என்று பாதியை விழுங்கிச் சொன்னார். மோரும் கம்பும் சேர்ந்த மாதிரி ஒரு பெயரைக் கேட்டால் கூழ் நினைப்பு வராமல் இருக்குமா? காலையில் சாப்பிடவும் இல்லை.

நான் போனது கடல் பார்க்க அல்ல, இங்கிலாந்தையே டிவியில் சிரிக்க வைத்த காமெடியன் எரிக் மோர்கம் சிலையைப் பார்க்க. சில வருடங்களுக்கு முன் தூக்கம் வராத ஓர் இரவில் அவருடைய பழைய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த ஆந்த்ரே பிரெவினையே மேடைக்கு வரவழைத்து, அவர் முன்னால் எரிக் பியானோவைக் கண்டபடி தட்டுகிறார். இது என்ன வாசிப்பு என்று பிரெவின் முறைக்க, எரிக் எழுந்துபோய் அவர் கோட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வாசித்த ஸ்வரமெல்லாம் சரியானதுதான், வரிசைதான் அப்படி இப்படி என்கிறார். பாட்டு வகுப்பில் இரண்டு வருடம் அடி வாங்கியவன் நான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிரெவின் தன் வசனத்தை விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸியில்தான் மனப்பாடம் செய்தாராம். அது தெரிந்த பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு நடை தூரம்தான். முதலில் கண்ணில் படுவது மிட்லண்ட் ஹோட்டல். 1933-இல் ரயில்வே கம்பெனி கட்டியது. வெள்ளை வெளேரென்று கப்பல் மாதிரி வளைந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் கடல் இல்லை! வற்றம் அங்கே அப்படி. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், அதில் ஓடைகள், அதற்கப்பால் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். காற்று மட்டும் குறைவில்லாமல் அடித்தது. என் குடை இரண்டாவது நிமிடமே தாமரைப் பூவாக விரிந்துவிட்டது.

சிலை அந்த மலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கால் தரையில், ஒரு கால் பின்னால் மடங்கி, கை தலைக்கு மேல். நிகழ்ச்சி முடிவில் அவரும் கூட்டாளி எர்னி வைஸும் ஆடும் ஆட்டத்தின் ஒரு கணம். கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது. அதற்கு என்ன வேலை என்று முதலில் விளங்கவில்லை. மனிதர் பறவை பார்ப்பதில் பைத்தியம் என்று அப்புறம்தான் தெரிந்தது. கிரஹாம் இப்பெசன் செய்த சிலை, 1999-இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார்.

இவருடைய நிஜப்பெயர் ஜான் எரிக் பார்த்தலமியூ. 1926-இல் இதே ஊரில் பிறந்தவர். அப்பா நகராட்சியில் கூலி வேலை. அம்மா சேடி, ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குப் போய்ப் பையனின் நடன வகுப்புக்குக் காசு கட்டினார். போர்க்காலத்தில் எரிக்கும், லீட்ஸ்காரப் பையன் எர்னியும் ஒரே நாடகக் குழுவில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கூடவே சேடியும். ரயிலில் இரண்டும் அடித்த கூத்து தாங்காமல்தான், இதையே சேர்ந்து மேடையில் செய்து தொலையுங்களேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1941-இல் லிவர்பூலில் ஜோடியாக முதல் மேடை.

பார்த்தலமியூ என்பது போஸ்டருக்கு நீளம் என்று ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டார். எர்னியும் தன் ஊரை எடுத்துக்கொண்டால் 'மோர்கம் அண்ட் லீட்ஸ்' என்று ரயில் டிக்கெட் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இடையில் எரிக்குக்கு நிலக்கரிச் சுரங்க வேலை. ராணுவத்துக்குப் பதிலாக அரசே அனுப்பியது. இதயம் சரியில்லை என்று ஒரு வருடத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிபிசி வானொலியில் நல்ல பெயர் கிடைத்து, 1954-இல் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். படுதோல்வி. டிவி பெட்டி என்பது மோர்கமையும் வைஸையும் வைத்துப் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுதியது. எரிக் அந்தத் துண்டைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். தூக்கிப் போடவே இல்லை, கடைசிவரை. இவரைப் பற்றிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான். நாலு பேர் பாராட்டியதைப் பத்திரப்படுத்துவோம், சரி. இதையா?

கடற்கரைச் சாலையிலேயே விண்டர் கார்டன்ஸ் இருக்கிறது. 1897-இல் கட்டிய பிரம்மாண்டமான தியேட்டர். நான் போன அன்று கதவு சாத்தியிருந்தது, செங்கல் முகப்பை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இது மூடப்பட்டது 1977-இல். அதே 1977 கிறிஸ்துமஸ் இரவில்தான் எரிக்கையும் எர்னியையும் டிவியில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஜனம் ஸ்பெயினுக்கு விடுமுறை போகத் தொடங்கியதுதான் மோர்கமை முடக்கியது என்பார்கள்; உண்மைதான். ஆனால் தியேட்டரைப் பொறுத்தவரை, வீட்டுக்குள்ளேயே சிரிக்க வைத்துவிட்ட இந்த உள்ளூர்க்காரருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றியது. இப்போது தன்னார்வலர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறார்கள்.

1968-இல் முதல் மாரடைப்பு. நடுராத்திரியில் காரை ஓட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோன முன்பின் தெரியாத ஆள், இறக்கிவிடும்போது ஆட்டோகிராப் கேட்டாராம். எரிக் அதையும் பிற்பாடு காமெடியாகத்தான் சொல்லித் திரிந்தார். 1984 மே மாதம் ட்யூக்ஸ்பரியில் ஒரு தியேட்டரில் பேசி முடித்தார். கைதட்டலுக்காக ஆறு முறை திரும்பி வந்து வணங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனவர் சரிந்தார். வயது 58.

மதியம் அந்த வளைகுடாவில் பிடித்த பொடி இறாலை வெண்ணெயில் உறைய வைத்து, டோஸ்ட்டோடு கொடுத்தார்கள். கொஞ்சம் மிளகுத்தூள் இருந்திருக்கலாம். பசிக்கு அருமை.

திரும்பும் முன் மறுபடி சிலைக்குப் போனேன். 2014-இல் யாரோ ஒருவர் ரம்பத்தால் இதன் காலை அறுக்கப் பார்த்திருக்கிறார். சிற்பியிடமே அனுப்பிச் சரிசெய்து நிறுத்தியிருக்கிறார்கள். குனிந்து தேடினேன், தழும்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் தரையில் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பாட்டி அருகில் வந்தார். கூட ஐந்து வயதுப் பேத்தி. காலை மடக்கு, கையைத் தூக்கு என்று பாட்டி சொல்லிக்கொடுக்க, அது காற்றில் தள்ளாடி விழுந்து, எழுந்து மறுபடி நின்றது. நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் பாட்டி என் போனை வாங்கிக்கொண்டு என்னையும் நிற்கச் சொன்னார். கூச்சத்தோடு காலைத் தூக்கினேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தது.

"அந்தக் கால் இல்லை."

மாற்றுவதற்குள் பாட்டி படம் எடுத்துவிட்டார்.