1969 சார்ஜர்: அரிசோனாவிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு

2025 ஜனவரி 11, சனி

அமெரிக்க மஸில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த முரட்டு வேக வண்டி ஒன்றை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்வது என்று முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதில்தான் இழுபறி. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஹெல்கேட் கட்சி. டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், 6.2 லிட்டர் வி8, மேலே சூப்பர்சார்ஜர், 2015 மாடலிலேயே 707 குதிரைத்திறன். இரண்டு சாவி தருவார்கள். சிவப்புச் சாவி போட்டால் முழு பலம். கறுப்புச் சாவி போட்டால் 500-க்குள் அடங்கிவிடும். அந்த அடக்கமே 500! அமெரிக்காவின் முரட்டு வண்டி என்று பெயர் வாங்கிய இது, கனடாவில் பிராம்ப்டன் ஆலையில் செய்தது என்பது தனி வேடிக்கை. 2023 டிசம்பரோடு அங்கே உற்பத்தி நின்றுவிட்டது.

எனக்குப் பழசுதான் வேண்டும்: 1969 டாட்ஜ் சார்ஜர், அதிலும் ஆர்/டி என்ற வேக ரகம். ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சாதாரணக் காரை இங்கே கொண்டுவந்தால் 10% சுங்கத் தீர்வை, அதையும் கப்பல் கூலியையும் சேர்த்த தொகைக்கு மேல் 20% வாட். முப்பது வருடத்துக்கு மேற்பட்டது, உற்பத்தி நின்றுபோன மாடல், முக்கிய பாகங்கள் மாறாத பழைய நிலையில் இருப்பது என்றால் அது 9705 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் சேகரிப்புப் பொருள். தீர்வை பூஜ்யம், வாட் 5%.

நான் ஒதுக்கிய தொகை, கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து 54,400 பவுண்டு. பழைய வண்டி என்றால் வரி 2,720. அதே விலைக்கு ஹெல்கேட் எடுத்தால் 17,408. போதாக்குறைக்கு, பத்து வயது நிரம்பாத வண்டி என்றால் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையிலும் தேற வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார். தொகை இறங்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஒஹையோவில் ஒரு சார்ஜர். படத்தைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. உள்ளே புது ஹெமி இன்ஜின், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஏசி, புது ஸ்டீயரிங் அமைப்பு. ஓட்டுவதற்கு இதைவிடச் சுகம் கிடையாது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் மாற்றிய வண்டியைக் காட்டி "பழைய நிலையில் இருக்கிறது" என்று சுங்கத்திடம் எந்த முகத்தோடு சொல்வது? 5% போய் 10-உம் 20-உம் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம், ஒஹையோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்குமோ.

அரிசோனாவில் டூசான் பக்கம் இன்னொன்று. ஆலிவ் பச்சை, டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கிறது, சீட் தையல் விட்டிருக்கிறது. ஆனால் சேஸிஸ் நம்பர் எக்ஸ்எஸ்29எல்9பி என்று தொடங்குகிறது. எக்ஸ் என்றால் சார்ஜர், எஸ் என்றால் ஆர்/டி, 29 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப், எல் என்பது 440 மேக்னம் இன்ஜின், 9 என்பது 1969, பி என்பது மிச்சிகனின் ஹாம்ட்ராமிக் ஆலை. பத்து எழுத்துக்குள் வண்டியின் ஜாதகமே வந்துவிடுகிறது.

440 என்பது கன அங்குலம். நம் கணக்கில் 7.2 லிட்டர். 375 குதிரைத்திறன். ஹெல்கேட்டின் 707-ஐப் பக்கத்தில் வைத்தால் நோஞ்சான்போல் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவையும் இல்லை. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டன. 1972-இலிருந்து எல்லாம் மாட்டிய பிறகு அளந்தார்கள். காகிதத்தில் எல்லா வண்டியும் ஒரே வருடத்தில் இளைத்தது. அதனால் என் 375-ம் உண்மையில் அதைவிடக் குறைவுதான். வருத்தமில்லை.

பிப்ரவரி 8, சனி

டூசானில் ஒரு தனிப்பட்ட பரிசோதகரை அமர்த்தியிருந்தேன். அறிக்கையும் கட்டுக்கட்டாகப் படங்களும் வந்தன. பெயின்டைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லை, நல்ல ஆள். நேராகப் பின்கண்ணாடிக்குப் போயிருக்கிறார்.

சார்ஜரின் அழகே அந்தப் பின்கண்ணாடிதான். இரண்டு பக்கமும் கூரை சரிந்து இறங்க, நடுவில் கண்ணாடி உள்வாங்கி நிற்கும். மழைத் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். ரப்பர் தளர்ந்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி அடித்தகட்டைத் தின்றுவிடும். பந்தயத்திலும் அந்தப் பள்ளம் காற்றைப் பிடித்து இழுத்ததால்தான், கண்ணாடியை மேலே தூக்கிச் சமமாக்கிய சார்ஜர் 500-ஐ டாட்ஜ் கொண்டுவந்தது. அதிலிருந்து வந்ததுதான் கூர்மூக்கும் உயர்ந்த பின்சிறகும் வைத்த டேடோனா. 1970 மார்ச் 24-இல் டாலடேகா பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் அதில்தான் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். நம் வண்டியில் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. டிக்கித் தகடு ஆலையிலிருந்து வந்தது, துரு மேலாக மட்டும்.

டாஷ்போர்டில் உள்ள நம்பரின் பிற்பகுதி ரேடியேட்டர் தாங்கியிலும் டிக்கி விளிம்பிலும் இன்ஜின் பிளாக்கிலும் குத்தியிருக்க வேண்டும். எல்லாம் பொருந்துகிறது. பானட்டுக்கு அடியில் திருகியிருக்கும் சின்னத் தகட்டில் தயாரிப்புத் தேதி 313 என்று இருக்கிறது, அதாவது மார்ச் 13. பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம். அதுவும் ஆலையில் வைத்ததே என்று சந்தோஷப்படுவதா, பயப்படுவதா தெரியவில்லை.

வாங்கிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

பணம் போயாயிற்று. அமெரிக்காவில் வண்டியின் உரிமைப் பத்திரத்தை டைட்டில் என்கிறார்கள். அசல் டைட்டில் இல்லாமல் வண்டி துறைமுகத்தைத் தாண்டாது. ஏற்றுமதிக்கு 72 மணி நேரம் முன்பே அதை அமெரிக்கச் சுங்கத்திடம் காட்ட வேண்டும். பழைய கடன் ஏதும் அதில் பதிவாகியிருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதமும் வேண்டும்.

ரோரோ கப்பல் மலிவு. வண்டியை ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்குவார்கள். யாரோ ஒருவர் காலை நேரக் குளிரில் 7.2 லிட்டர் இன்ஜினைக் கிளப்பி முறுக்குவதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கன்டெய்னர். பனாமா கால்வாய் வழியாக வரும்.

மார்ச் 22, சனி

வண்டியின் நீளம் 5.28 மீட்டர். இங்கே பார்க்கிங் கட்டம் வழக்கமாக 4.8 மீட்டர். என் கராஜ் உள்ளளவு அந்த 4.8-ஐவிடச் சற்றுத்தான் அதிகம். "கதவைத் திறந்தே வைத்துவிடலாம், மூக்கு மட்டும் வெளியே இருக்கட்டும்" என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஊருக்கு வெளியே பண்ணைக் கொட்டகையில் மாத வாடகைக்கு இடம் பேசியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சவுத்தாம்ப்டன் வந்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. 9705 என்று அறிவித்ததற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். பரிசோதகர் அறிக்கை, இன்ஜின் நம்பர் படம், தகட்டுப் படம் எல்லாம் ஒரே கோப்பாக அன்றே அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். ஒஹையோ வண்டியாக இருந்திருந்தால் இந்நேரம் நான் வங்கியில் உட்கார்ந்திருப்பேன். துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றதற்கான வாடகை தனி. அதை யாரிடமும் வாதாட முடியாது.

அடுத்தது நோவா. வண்டி வந்து 14 நாளுக்குள் வரித்துறைக்கு அந்த அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ பதிவே செய்யாது. ஏஜென்ட் போட்டுவிட்டார். பதிவு ஆகும்வரை சாலையில் ஓட்டக் கூடாது, எனவே லாரியில்தான் கொட்டகைக்கு வரும்.

மே 4, ஞாயிறு

விளக்கு வேலை. மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நேரம் போனது.

அமெரிக்க ஹெட்லைட் டிப்பில் இருக்கும்போது சாலையின் வலது ஓரத்தைக் காட்டும். இங்கே வலது பக்கம் எதிரே வருகிறவரின் கண். சார்ஜரில் கிரில்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நாலு விளக்கு. வெற்றிட விசையில் மூடி திறந்துகொள்ளும். அதே ஐந்தே முக்கால் அங்குல அளவில் பிரிட்டிஷ் சாலைக்கான விளக்குகள் கிடைக்கின்றன. வாங்கி மாட்டினோம். இடது மூடி மட்டும் அரைத் தூக்கத்தில் நிற்கிறது. ஐம்பத்தாறு வருட ரப்பர்க் குழாய் எங்கோ காற்று விடுகிறது.

பின்னால் சிக்கல் பெரிது. அமெரிக்க வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு. பிரேக் கம்பி ஸ்டீயரிங் தண்டில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் வழியாகவே போகிறது. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துப் பிரேக் விளக்கே சிமிட்டும். 1965 செப்டம்பருக்குப் பிறகு சாலைக்கு வந்த வண்டிக்கு இங்கே மஞ்சள் இண்டிகேட்டர் கட்டாயம். சிவப்புக் கண்ணாடிக்குள் மஞ்சள் பல்பு போட்டுப் பயனில்லை. மெக்கானிக் பிரேக் கம்பியைச் சுவிட்சைத் தொடாமல் தனியாகப் பின்னால் இழுத்தார். இண்டிகேட்டருக்கு முன்பக்கத்திலிருந்து புதுக் கம்பி. பம்பருக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டையில் இரண்டு சின்ன மஞ்சள் விளக்குகள். உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை. நாளைக்கே யாராவது அமெரிக்காவுக்குத் திருப்பி எடுத்துப் போனாலும் கழற்றிவிடலாம்.

பின் மூடுபனி விளக்கு 1980 ஏப்ரலுக்குப் பிந்திய வண்டிக்குத்தான் கட்டாயம். ஸ்பீடோமீட்டரும் மைலிலேயே இருக்கிறது. இந்த இரண்டும் லாபம்.

மே 10, சனி

பதிவுக்கான வி55/5 படிவம், அசல் டைட்டில், எந்த வருடத்து வண்டி என்று கிளப் ஒன்று தந்த கடிதம், பதிவுக் கட்டணம் 55 பவுண்டு, எல்லாம் ஸ்வான்சீயில் உள்ள டிவிஎல்ஏவுக்குப் போயின. டைட்டில் திரும்பி வராது. நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை வேண்டாம் என்று விலக்கு. இது எனக்குச் சரியாகப் படவில்லை. டிரம் பிரேக்கில் ஓடும் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியைச் சோதனையே வேண்டாம் என்று விடுவது தாராளம். சட்டம் விட்டாலும் வண்டி பழுதில்லாமல் இருக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுகிறவனுடையதுதான். வருடா வருடம் நானே கொண்டுபோய்க் காட்டப்போகிறேன்.

ஜூன் 14, சனி

வி5சி என்ற பதிவுச் சான்று வந்துவிட்டது. 1969 மார்ச் என்பதால் நம்பர் ஜி எழுத்தில் முடிகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்து; 1980-க்கு முந்தைய, வரலாற்று வகையில் பதிவான வண்டிக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. சாலை வரி பூஜ்யம். காப்பீடு, முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொண்டு எழுதியது. சாதாரண பாலிசியில் இதைப் பழைய இரும்பாக்கிவிடுவார்கள்.

முதல் ஓட்டம். சத்தத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன்: முதல் முறை மிதித்தால் நிற்கிறது, மலைச்சரிவில் நாலைந்து முறை மிதித்தால் யோசித்து நிற்கிறது. ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால் லாரிக்குப் பின்னால் மாட்டினால் எதிரே வருவது தெரியாது; பலம் இவ்வளவு இருந்தும் பொறுமையாகப் பின்னாலேயே போக வேண்டியதுதான். கார் பார்க்கில் டிக்கெட் எடுப்பது மனைவியின் வேலை. அவளுக்கும் ஒரு பதவி வேண்டுமாம், "நேவிகேட்டர்" என்று கூப்பிடச் சொல்கிறாள்.

பெட்ரோல் 97 ஆக்டேன் அல்லது அதற்கு மேற்பட்ட சூப்பர் மட்டும். சாதாரண பெட்ரோலாக 2021-இலிருந்து பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 வருகிறது. அந்த எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும். காலனுக்குப் பத்து மைல், அதுவும் அமெரிக்கக் காலனைவிடப் பெரிய பிரிட்டிஷ் காலனுக்கு. லிட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர்.

ஜூலை 27, ஞாயிறு

இந்த மாதம் சாண்டா பாட் பந்தயத் தடத்தில் நடந்த, டாட்ஜ் போன்ற கிரைஸ்லர் குடும்ப வண்டிகளுக்கான மோப்பார் யூரோநேஷனல்ஸ் விழாவுக்குப் போய்வந்தோம். போர்க்காலத்து அமெரிக்க விமானத்தளமாக இருந்த இடம்; 1966 முதல் டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டு வேகப் பந்தயம் நடக்கிறது. நான் பாதையில் இறங்கவில்லை, டிரம் பிரேக்கை நினைத்து. ஹெட்லைட் மூடிக்கான வெற்றிடக் குழாய் மட்டும் வாங்கினேன். இப்போது இரண்டு கண்ணும் திறக்கின்றன.

இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் மச்சான் வீட்டுக்கு. அவனிடம் இருப்பது 2012 டீசல் கார், காலனுக்கு ஐம்பது மைல் கொடுக்கும். யூலெஸ் என்ற லண்டன் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தின் விதிப்படி, அது யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லை என்பதால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டில் அந்த எல்லை லண்டன் முழுக்க விரிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறான். வாசலில் நின்ற சார்ஜரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதுக்கு எவ்வளவு மாமா கட்டினீங்க இன்னிக்கு?"

"ஒன்றுமில்லை. வரலாற்று வண்டி, விலக்கு."

"புகை?"

"வரும்."

நடு லண்டன் நெரிசல் கட்டணத்துக்கு இந்த விலக்கு செல்லாது என்று சொன்னேன், ஆறுதலாக இருக்கட்டுமென்று. அவன் காதில் வாங்கவில்லை. காற்றுக்கு எந்த வண்டி கெடுதல் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும்; சட்டம் கேட்பது வண்டியின் வயதை. என்னைப்போல் எப்போதாவது எடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று நினைத்து எழுதிய விதி. தினமும் ஓட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எழுதினவர்கள் கவலைப்படவில்லை. பெட்ரோல் விலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள்.

அடுத்த மாதம் மாமியார் வருகிறார். ஹீத்ரோவும் யூலெஸ்ஸுக்குள்தான். "உங்க காரிலேயே போயிடலாம் மாமா, பன்னிரண்டரை பவுண்டு மிச்சம்" என்றான் மச்சான். மில்டன் கீன்ஸிலிருந்து போய்வர நூறு மைல், பெட்ரோல் அறுபது பவுண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குள் அவன் டிக்கியைத் திறந்து, எத்தனை பெட்டி கொள்ளும் என்று கையால் அளந்துகொண்டிருந்தான்.