கிராம சபைத் தீர்மான நகல் வாங்கப் பட்ட பாடு

நகல் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மொத்தம் இரண்டே பக்கம். இதற்காகப் பாம்பன் பாலத்தைத் தாண்டி அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே வேலையாகக் கிளம்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் எங்கள் தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதையை ஒரு விடுதிக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். நாட்டுப்படகுக்காரர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். அவதிப்பட்டது பாசி எடுக்கும் பெண்கள்தான். நனைந்த சாக்கைத் தலையில் சுமந்து, தண்ணீர் முதுகில் வடிய வடிய, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீடு வரவேண்டியதாயிற்று. 2025 மே 1 கிராம சபையில் இதைப் பேசினோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போகிற ஆண்களும் கரையில் இருந்தார்கள், நல்ல கூட்டம். பாதையை மீட்டுத் தர வேண்டும் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். தீர்மானம் போட்டாச்சு என்று சொன்னார்கள், கைதட்டிவிட்டுக் கலைந்தோம்.

தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கப் போனபோது முதல் கேள்வியே "தீர்மான நகல் எங்கே?" என்பதுதான். நியாயமான கேள்வி. அங்கிருந்துதான் தலைவலி ஆரம்பம்.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், "புத்தகம் ஆடிட்டுக்குப் போயிருக்கு தம்பி, அடுத்த வாரம் வாங்க" என்றார் அங்கே இருந்தவர். அடுத்த வாரமும் அதே பதில், அதற்கடுத்த வாரமும் அதே. என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, அவர் முழங்கைக்குக் கீழே கிடந்த பச்சை அட்டை நோட்டைக் காட்டி, "அப்ப அது என்ன சார்?" என்று கேட்டுவிட்டார். டீ டம்ளர் வைத்த வட்டக் கறையோடு கிடந்தது அதே தீர்மானப் புத்தகம்தான். அன்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது அதில்தானே! "அது பழசும்மா" என்று சொல்லி டிராயருக்குள் தள்ளினார்.

முன்பென்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்போம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அதற்குப் பிறகு தனி அலுவலர், அதாவது அரசு அமர்த்திய அதிகாரி, நிர்வாகம். தலைவரைத் திட்டலாம், ஓட்டுப் போடமாட்டோம் என்று மிரட்டலாம். தனி அலுவலரை என்ன சொல்லி மிரட்டுவது? அவரைப் பார்க்க வேண்டுமென்றால் பாலம் தாண்டி ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க: மண்டபம் ஒன்றியம் என்று பெயர் இருக்கிறதே என்று மண்டபத்தில் இறங்கிவிடாதீர்கள், அங்கே இருப்பது பேரூராட்சி. ஒன்றிய அலுவலகம் உச்சிப்புளியில். ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி உச்சிப்புளிக்கே டிக்கெட் எடுங்கள்.

அங்கே இருந்த ஒரு அம்மா நன்றாகப் பேசினார். புத்தகம் எதுவும் ஆடிட்டுக்கு வரவில்லை என்று பார்த்துச் சொன்னார். "வாயால கேக்காதீங்க தம்பி, தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க" என்றும் சொன்னார். அலைந்த அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. வெள்ளைத்தாளில், பொதுத் தகவல் அலுவலர் என்று பதவியை மட்டும் போட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினால் போதும். நேரில் கொடுத்தால் சீல் வைக்காமல் இழுத்தடிப்பார்கள், தபால்தான் நல்லது. "ஏன் பாதையைத் திறக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். "01.05.2025 கிராம சபையின் தீர்மானப் பதிவேடு, அனைத்துப் பக்கங்களின் சான்றிட்ட நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எனக்குக் கெடு முடிகிற நேரத்தில் கவர் வந்தது.

பிரித்துப் படித்தால் தலை சுற்றியது. "கடற்கரைப் பாதை குறித்துப் பொதுமக்கள் கோரிக்கை வைத்தனர். பரிசீலிக்கலாம்." அவ்வளவுதான் இருந்தது. சர்வே எண் இல்லை, வேலி என்ற வார்த்தை இல்லை, தீர்மானிக்கப்பட்டது என்ற சொல்லே இல்லை. கீழே எங்கள் கையெழுத்து மட்டும் வரிசையாக இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், பத்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 300 பேர் வரவேண்டும். அந்தக் கணக்கைக் காட்ட, வாசலிலேயே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வாசகத்தைச் சாவகாசமாகப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஊரே என்ன பேசினாலும் எழுதுகிறவர் கையில்தான் தீர்மானம்.

ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குத் தயாராகப் போனோம். அதற்கு முன்பே அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் அரசுப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து வைத்திருந்தேன். அந்தத் துண்டு வண்டிப்பாதை புறம்போக்கு, அதாவது பொதுப் பாதைக்கான அரசு நிலம், என்றே பதிவாகியிருக்கிறது. பட்டா நிலம் என்று விடுதிக்காரர் ஊரெல்லாம் சொல்லி வந்தது அந்த ஒரு தாளில் அடிபட்டுப் போனது. தீர்மான வாசகத்தை நாங்களே எழுதினோம்: இந்த சர்வே எண்ணில் உள்ள பாதையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்ற வருவாய்த் துறையைக் கோருவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினோம். மைக்கில் படித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவோம் என்று பெண்கள் எல்லோரும் நோட்டைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். "நேரமாகுது, கொடியேத்த வந்த சாருங்க கிளம்பணும்" என்று கெஞ்சிப் பார்த்தார் அதே ஆடிட் பார்ட்டி. அக்கா அசையவில்லை. கடைசியில் அவரே மைக்கைப் பிடித்துப் படிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குரலை ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன், மனசு சரியில்லை என்றால் போட்டுக் கேட்பேன். புத்தகத்தில் எழுதி முடித்த பக்கத்தை அங்கேயே போனில் படமும் எடுத்துக்கொண்டோம்.

இந்தத் தடவை நகல் சீக்கிரமே வந்தது. படம் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியுமே. அப்புறம் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் நகல், புலப்படம், அ-பதிவேடு மூன்றையும் சேர்த்து மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். வேலியில் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள், முழுதாக இன்னும் எடுக்கவில்லை.

தீவுக்குள்ளேயே ராமேஸ்வரம் நகராட்சிப் பக்கம் இருப்பவர்கள், தங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்கிறார்கள். உங்களுக்குக் கிராம சபை கிடையாது, வார்டுக்குள் பகுதி சபை கூட்டம்தான். அங்கேயும் வாசகத்தை எழுதிக் கொண்டுபோங்கள். பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டம் தொடங்கியதும் போன தடவை போட்ட தீர்மானங்கள் மேல் என்ன நடவடிக்கை என்று முதலில் கேளுங்கள், அந்தப் பதிலும் புத்தகத்தில் ஏறவேண்டும். நாங்கள் அடுத்த கூட்டத்தில் மிச்ச வேலியைப் பற்றித்தான் கேட்கப் போகிறோம். வாசகம் ரெடி, அக்கா இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டார்.