பாஸ்வேர்டு சரி, ஆனால் ஆக்சஸ் உள்ளே விடவில்லை

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கொள்முதல் கடை. எடை கவுண்டரிலும் கணக்கு மேசையிலும் முதலாளி அறையிலும் கம்ப்யூட்டர் உண்டு. யார் எவ்வளவு ஷீட் போட்டார்கள், ஒட்டுபால் என்கிற உறைந்த ரப்பர் கழிவு எவ்வளவு, முன்பணம் யாருக்குப் பாக்கி என்ற கணக்கெல்லாம் கணக்கு மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்பில்தான். ஆக்சஸ் 2003 காலத்து எம்.டி.பி. வடிவக் கோப்பு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. எழுதிக் கொடுத்த பையன் கல்ஃபுக்குப் போய்விட்டான்.

இடி விழுந்து கவுண்டர் கம்ப்யூட்டர் போனது. புதியது வந்ததும் லாகின் தகராறு தொடங்கியது. எனக்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "மக்ளே, மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் கேற முடியல்ல. இப்பம் எனக்க கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால், திரையில் வருவதை முழுசாகப் படிப்பது என் வழக்கம். கவுண்டரில் கோப்பைத் திறந்தால் பெயரோ பாஸ்வேர்டோ கேட்கவே இல்லை. நேராக, உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. கேட்காத பாஸ்வேர்டு எப்படித் தப்பாகும்?

இந்தப் பழைய பாதுகாப்பு முறையில் பெயரும் பாஸ்வேர்டும் டேட்டாபேஸுக்குள் இருப்பதில்லை. எம்.டி.டபிள்யூ. என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கின்றன. புதிய கம்ப்யூட்டரில் ஆக்சஸ் போட்டால், அது தன்னுடைய சொந்த 'சிஸ்டம்' எம்.டி.டபிள்யூ. கோப்பை எடுத்துக்கொண்டு, 'அட்மின்' என்ற பொதுப் பெயரில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். கடையின் டேட்டாபேஸில் அந்த அட்மினுக்கு எந்த உரிமையும் இல்லை. பழைய கம்ப்யூட்டரில் கடையின் எம்.டி.டபிள்யூ.வோடு இணைத்து வைத்திருந்தது அதோடு சேர்ந்து போய்விட்டது. புதியதில் ஒரு ஷார்ட்கட் போட்டு, அதன் டார்கெட் பெட்டியில் ஆக்சஸ் இருக்கும் பாதை, டேட்டாபேஸின் பாதை, அப்புறம் ஒரு சாய்கோட்டோடு 'டபிள்யூ.ஆர்.கே.ஜி.ஆர்.பி.' என்று அடித்துக் கடையின் எம்.டி.டபிள்யூ. பாதையைக் கொடுத்தேன். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். உடனே பெயர் கேட்கும் பெட்டி வந்தது.

அடுத்தது அக்காவின் சிக்கல். முன்னால் வந்தவர், முதலாளியின் லாகினில் நுழைந்து, அக்காவின் பெயரை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உண்டாக்கியிருக்கிறார். பெயர் அதேதான், ஆனால் ஆள் வேறு! பயனரை உண்டாக்கும்போது பெயரோடு 'பி.ஐ.டி.' என்று 4 முதல் 20 எழுத்து வரை ஒன்று கேட்கும். இரண்டையும் சேர்த்துத்தான் ஆக்சஸ் உள்ளே ஓர் அடையாள எண் போடுகிறது. உரிமைகள் ஒட்டியிருப்பது அந்த எண்ணோடு. பி.ஐ.டி. மாறினால் எண்ணும் மாறும். உரிமையை ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தால், அக்காவை அதில் சேர்த்ததும் வேலை முடிந்திருக்கும். எழுதிய பையன் ஆள் ஆளாகக் கொடுத்து வைத்திருந்தான்.

அக்காவின் பழைய பி.ஐ.டி. என்னவென்று கேட்டு கல்ஃபுக்கு வாட்ஸ்அப் செய்தேன். முதலாளி மேசை டிராயரில் ஒரு தாள் இருக்கும் என்றான். பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. மடிப்பில் மை கலங்கி, ஓரிடத்தில் பூஜ்யமா 'ஓ' எழுத்தா என்றே தெரியவில்லை. பி.ஐ.டி.யில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசமும் உண்டு. பூஜ்யம் என்று வைத்து உண்டாக்கிப் பார்த்தேன், திறக்கவில்லை. அழித்துவிட்டு 'ஓ' போட்டேன். அக்காவின் பட்டியல் எல்லாம் திறந்துகொண்டன.

அத்தோடு தீர்ந்தது என்று பார்த்தால், கவுண்டர்காரர் முதலில் நுழைந்த நாளில் மற்றவர்களுக்குக் 'கோப்பு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று வருகிறதாம். இது ஆக்சஸ் லாகின் இல்லை, விண்டோஸ் கோப்புறை அனுமதி. முதலில் ஒருவர் திறக்கும்போது எல்.டி.பி. என்ற பூட்டுக் கோப்பு டேட்டாபேஸ் இருக்கும் அதே கோப்புறையில் உண்டாக வேண்டும். உண்டாக்க அனுமதி இல்லையென்றால் டேட்டாபேஸ் அவருக்கு மட்டும் என்று திறந்துகொள்ளும். புதிய கம்ப்யூட்டரின் விண்டோஸ் பயனருக்குக் கோப்புறையில் புதுக் கோப்பு உண்டாக்கும் உரிமை இல்லை. ஷேரிங் பக்கத்திலும் செக்யூரிட்டி பக்கத்திலும் படிக்க, எழுத, உண்டாக்க, அழிக்க எல்லாம் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் கொடுத்தால் போதாது, இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

அந்த எல்.டி.பி.யை நோட்பேடில் திறந்தால் நுழைந்தவர்களின் கம்ப்யூட்டர் பெயரும் லாகின் பெயரும் தெரியும். வெளியேறியவர்கள் பெயரும் அதில் கிடக்கலாம் என்பதால், அதை நம்பி யாரையும் திட்டக்கூடாது. மழைக்காலத்தில் கரண்டு போய் அந்தக் கோப்பு அப்படியே நின்றுவிட்டால், எல்லோரையும் வெளியேறச் சொன்ன பிறகே அழிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

கோப்பைப் புதிய ஏ.சி.சி.டி.பி. வடிவத்துக்கு மாற்றிவிடலாமா என்று முதலாளி கேட்டார். 2007இல் வந்த அந்த வடிவத்தில் ஆளுக்கொரு லாகின் என்ற இந்த ஏற்பாடே கிடையாது; முன்பணக் கணக்கைக் கவுண்டரில் நிற்பவரும் பார்க்கலாம் என்றேன். "அப்பம் வேண்டாம் சாரே" என்றார். எம்.டி.டபிள்யூ. கோப்பையும் அந்தத் தாளின் படத்தையும் பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.