மோஷன் சென்சார் லைட் ஒயரிங்: செய்முறைத் தேர்வுக்குப் போகும் முன்

ஐடிஐ எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவு மாணவர்களுக்கு இந்த ஜாப் (செய்முறை வேலை) வந்தால், சுவிட்ச் இருந்த இடத்தில், ஆள் அசைவை உணர்ந்து லைட்டைப் போடும் சென்சாரை மாட்டினால் முடிந்தது என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் வந்து போனால் போதும். சென்சாருக்குள் ஒரு சர்க்யூட்டும், மின்சாரத்தால் தானே ஒட்டிப் பிரியும் சுவிட்சான ரிலேயும் இருக்கின்றன. அவை வேலை செய்யத் தனியாக 230 வோல்ட் சப்ளை வேண்டும். அதனால்தான் மூன்று ஒயர்: ஃபேஸ் உள்ளே, நியூட்ரல் உள்ளே, லைட்டுக்கான ஃபேஸ் வெளியே. லைட்டின் நியூட்ரல் சென்சாருக்குள் போய்த் திரும்பாது. ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரலிலிருந்து ஒரு லூப் (கிளை) எடுத்தால் சென்சாருக்கும் லைட்டுக்கும் அதுவே போதும்.

மதிப்பெண் அதிகம் போவது நிறத்தில். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சென்சார்களில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு லோடு (லைட்டுக்குப் போகும் ஒயர்). நம் ஊர் வீட்டு ஒயரிங்கிலோ சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் வந்தால் நீலமும் ஒரு ஃபேஸ். பழக்கத்தில் சிவப்போடு சிவப்பை முறுக்கிவிடுகிறோம். நிறத்தை விட்டுவிட்டு, சென்சார் மேல் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள்: எல் ஃபேஸ், என் நியூட்ரல். லோடுக்கு எல் எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு, அல்லது ஏ எழுத்து, சிலவற்றில் பல்பு படம்.

மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது வாய்மொழித் தேர்வில் கேட்கத் தோதான கேள்வி. வரும் ஃபேஸைச் சிவப்பில் கொடுத்து, பிரவுனை லைட்டுக்கு அனுப்பினால் சென்சாருக்குச் சப்ளையே கிடைக்காது. ஒன்றும் எரியாது, ஒன்றும் கெடாது. சிவப்பு ஒயர் நியூட்ரல் முடிச்சில் சேர்ந்துவிட்டால் கதை வேறு. ரிலே ஒட்டும் நொடியில் ஃபேஸ் நேராக நியூட்ரலில் விழும், எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகும். அந்த ஷார்ட்டில் ரிலே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். பிறகு ஒயரைச் சரிசெய்தாலும் லைட் அணையவே அணையாது. ஆகவே எம்சிபி போட்டதும் டிரிப் ஆகாமல் நின்று, சென்சாரிலிருந்து டிக் சத்தம் வந்த பிறகே டிரிப் ஆனால் முதலில் பார்க்க வேண்டியது லோடு ஒயரைத்தான்.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான்: 6 ஆம்பியர் எம்சிபி, 6 ஆம்பியர் ஒன்வே சுவிட்ச், 1.5 சதுர மி.மீ. ஒயர் மூன்று நிறத்தில், 20 மி.மீ. பிவிசி பைப், ஜங்ஷன் பாக்ஸ், ஹோல்டர், 9 வாட் எல்இடி பல்பு, கனெக்டர். ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதைவிடக் கனெக்டர் பாதுகாப்பு. பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

சுவிட்சைச் சென்சாருக்குப் பேரலலாக, அதாவது சென்சாரின் ஃபேஸ் முனைக்கும் லோடு முனைக்கும் குறுக்கே கொடுத்தால், ஆள் அசையாமல் இருந்தாலும் லைட்டை நிரந்தரமாகப் போட்டு வைக்கலாம். பாத்ரூமுக்கு இதுதான் தேவை. சீரீஸில், வரும் ஃபேஸில் கொடுத்தால் சென்சாரையே அணைக்கலாம். கேள்வியில் எது கேட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. சுவிட்ச் பாக்ஸில் ஃபேஸும் லைட்டுக்குப் போகும் ஒயரும் மட்டும் இருக்கும், நியூட்ரல் மேலே லைட் பாயிண்டிலேயே நின்றுவிடும். அப்போது பச்சை ஒயரை நியூட்ரலாக எடுக்கக் கூடாது. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் சப்ளையை அணைக்கும் கருவி) இருந்தால் டிரிப் ஆகலாம். இல்லாத வீட்டில் எர்த் எங்காவது விட்டுப்போனால் சென்சார் வழியாக வரும் மின்சாரம் அதே எர்த்தில் இணைந்த ஃபிரிட்ஜ், மோட்டார் பாடியில் ஏறி நிற்கும். லைட் பாயிண்டிலிருந்து நியூட்ரலைக் கீழே இழுப்பது அல்லது சென்சாரையே சீலிங்கில் மாட்டுவதுதான் வழி. நியூட்ரல் கேட்காத இரண்டு ஒயர் சென்சாரும் கிடைக்கிறது. ஆனால் அதில் சிறிய எல்இடி போட்டால் பெரும்பாலும் மினுக்கும் அல்லது அணைந்த பிறகும் மங்கலாக எரியும்.

முடித்ததும் சோதனை. இங்கேதான் சரியாகச் செய்தவர்களும் பதறுகிறார்கள். சென்சாரில் டைம் (எவ்வளவு நேரம் எரிய வேண்டும்), லக்ஸ் (எவ்வளவு வெளிச்சம் வரை எரிய வேண்டும்) என இரண்டு திருகுகள் இருக்கும். லக்ஸ் நிலா படத்தின் பக்கம் இருந்தால் பகல் வெளிச்சத்தில் லைட் எரியாது. உடனே ஒயரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். லக்ஸைச் சூரியன் பக்கம் முழுதும், டைமைக் குறைந்த அளவுக்கும் திருப்பி, சப்ளை கொடுத்துச் சுமார் 30 வினாடி காத்திருங்கள். சென்சார் நிலைப்பட அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு அதை நோக்கி நேராக நடக்காமல் குறுக்கே நடங்கள். உள்ளே இருக்கும் இரண்டு உணர் பகுதிகளுக்கும் இடையே வெப்பம் நகர்வதைத்தான் அது கவனிக்கிறது.

மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடச் சொன்னால் சென்சாரையும் பல்பையும் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். 500 வோல்ட் டிசி உள்ளே போனால் சர்க்யூட் கெடும். கெடாவிட்டாலும் ஃபேஸ் நியூட்ரல் இடையே அளவு குறைவாகக் காட்டி ஒயரிங்கில் கோளாறு என்று ஏமாற்றும்.

வாய்மொழியில் இன்னும் சில கேட்கலாம். கத்திரி வெயிலில் சென்சார் ஏன் மந்தமாகிறது? சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது வித்தியாசம் குறைகிறது. ரேடியோ அலை அனுப்பி அசைவை அறியும் ரேடார் வகைக்கு இந்தக் குறை இல்லை, ஆனால் பிளைவுட் கதவுக்கு அப்பால் நடப்பவருக்கும் எரியும். மாடிப்படியில் ஒரே லைட்டுக்கு மேலும் கீழும் இரண்டு சென்சார் வைக்கலாமா? வைக்கலாம், லோடு ஒயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஃபேஸ் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் சப்ளை உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி வேறு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். இரண்டு ரிலேயும் சேர்ந்து ஒட்டினால் ஃபேஸுக்கு ஃபேஸ் 415 வோல்ட்டில் ஷார்ட் ஆகும்.