குளியலறைச் சுவருக்கு ரைல்ஸ் எதுவரை, பெயின்ற் எங்கிருந்து

ரைல்ஸா, வோட்டர்புறூவ் பெயின்றா என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, சுவரின் வெளிப்பக்கம் பூசியாயிற்றா என்பதைத்தான். வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகளோடு பிறகு ஒட்டிக் கட்டிய குளியலறைகள் பலவற்றில் வெளிப்பக்கம் வெறும் சீமெந்துக் கல்லாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகைச் சாரலை அந்தக் கல் உறிஞ்சி உள்ளே விடும். எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் தை மாதம் கொப்பளிக்கும். கொப்பளத்தைக் கீறிப் பார்த்தால் வெள்ளை உப்புத் தூள் கொட்டும். பெயின்றில் பிழையில்லை, முன்னால் படுகிற தண்ணியைத்தான் அது தடுக்கும், முதுகுப்பக்கத்தால் வருவதைத் தாங்காது. கழுவாத உவர் மணலில் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளிப்பூச்சு சரியென்றால், அடுத்தது உயரம். வாளியில் அள்ளிக் குளித்தால் நெஞ்சளவுக்குத் தெறிக்கும், சவர் என்றால் தலைக்கு மேலே போகும். அதனால் சவர்ச் சுவருக்கு 7 அடி, மற்றச் சுவர்களுக்கு 4 அடி ரைல்ஸ், மிச்சத்துக்குப் பெயின்ற் என்பதுதான் எங்கள் வழக்கம். 5×7 அடி அறையில் 4 அடி உயரத்துக்குச் சுற்றிவர, 2½ அடிக் கதவு போக, 86 சதுர அடி. 5 அடிச் சவர்ச் சுவரின் மேல் 3 அடிக்கு இன்னும் 15. 12×24 அங்குல ரைல்ஸ் என்றால், வெட்டுக் கழிவுக்கு 10 வீதம் சேர்த்து 56 போதும். நாலு பக்கமும் 7 அடிக்குப் போனால் 83 வேண்டும். எல்லாப் பெட்டியிலும் நிற இலக்கம் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

ரைல்ஸ் ஒட்டினால் தண்ணி புகாது என்பதும் பொய். ரைல்ஸுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைக்கிற கிறவுட் சாந்துக்குள்ளால் புகும். ஒட்டமுதல் நிலத்திலிருந்து 1 அடிக்கும், சவர்ச் சுவரில் 6 அடிக்கும், சீமெந்தோடு கலக்கிற வோட்டர்புறூவ் பூச்சு இரண்டு கை அடிக்கவேண்டும்: சுவரை நனைத்துவிட்டு முதல் கை கிடையாக, அது இறுகியபின் இரண்டாவது நெடுக்காக. நிலமும் சுவரும் சேரும் மூலையில்தான் வெடிக்கும், அங்கே வலை நாடா வைத்துப் பூசவேண்டும்.

அவசரப்படுகிற மேசன் ரைல்ஸின் முதுகில் அஞ்சு உருண்டைச் சாந்தை வைத்து அமத்திவிடுவார். நாணயத்தால் தட்டினால் மூலைகள் பொள்ளெனக் கேட்கும். அந்த வெற்றிடத்தில் தண்ணி தேங்கும், பிறகு ரைல்ஸ் கழரும். ரைல்ஸ் ஒட்டுகிற பசையைப் பல்லுக் கரண்டியால் முழுதும் இழுக்கச் சொல்லுங்கள். சீமெந்துச் சாந்தில் ஒட்டுவதானால், குமிழி நிற்குமட்டும் ரைல்ஸைத் தண்ணியில் ஊறவிடவேண்டும். பசைக்கு ஊறப்போடக் கூடாது.

நிறத்தில் ஒரு சொல். எங்கள் கிணற்றுத் தண்ணியில் கல்சியம் கூடுதல். கேத்தில் அடியில் படிகிற அந்த வெள்ளை, கறுப்புப் பளபளப்பு ரைல்ஸில் ஒரு மாதத்தில் தெரியும். அசிட் ஊற்றித் தேய்த்தால் கிறவுட் கரையும். வெளிர் நிறமே நல்லது.

பெயின்ற் பகுதியில் சீமெந்துப் பூச்சு 28 நாளாவது காயவேண்டும். ஒன்றரை அடிப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. பெயின்றுக்கு முன் சுவரை மட்டமாக்கச் சாதாரண புட்டி வேண்டாம், ஈரத்தில் மாவாகிவிடும். ரைல்ஸின் மேல் விளிம்பில் கிறவுட்டைச் சரிவாக இழுத்துவிடுங்கள்; தட்டையாக விட்டால், ரைல்ஸ் சுவரிலிருந்து தள்ளி நிற்கிற அந்த அரை அங்குலத்தில் தண்ணி நின்று, பெயின்ற் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.